அண்டார்க்டிகா: உடன்படிக்கை சொன்னதும் நாம் சொல்லிக்கொடுப்பதும்

“அண்டார்க்டிகா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கண்டம். அங்குப் படைவீரர் இல்லை. அறிவியலார் மட்டுமே வாழ்கின்றனர்.” மாணவர் கட்டுரைகளில் நாம் அடிக்கடி காணும் வாக்கியங்கள் இவை. நாமும் வகுப்பில் இவ்வாறே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். கேட்பதற்கு இனிய செய்திதான். உலகில் ஓர் இடமேனும் மண்ணாசைக்கு அப்பால் நிற்கிறதே என்னும் மனநிறைவை இது தருகிறது. ஆயின் ஆசிரியர் கூறும் செய்திக்கு இனிமை மட்டும் போதுமா? உண்மையும் வேண்டுமன்றோ? மேற்கண்ட கூற்றுகளுள் ஒன்றேனும் உண்மைக்கு ஒத்ததன்று.

இத்தவறான எண்ணத்திற்கு மூலம் யாது? 1959ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் கையொப்பமிட்டு, 1961 ஜூன் 23இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகா உடன்படிக்கையைப் பலரும் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார்களேயன்றி, அதன் வாசகத்தை நேரே நோக்கியவர் சிலரே. அஃது 14 உறுப்புகளே கொண்ட சிறிய ஆவணம். ஒரு நூற்பாவுக்கு உரை காணுங்கால், சொல்லியது யாது, சொல்லாமல் விட்டது யாது, விட்டதன் காரணம் யாது என்று பார்ப்பது நம் மரபு. அம்முறையில் இவ்வுடன்படிக்கையின் முதல் உறுப்பையும் நான்காம் உறுப்பையும் ஆராய்ந்து, அவற்றின் நிறைகுறைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடன்படிக்கைக்கு முன்னர்

குடிமக்களே இல்லாத நிலத்தை ஒரு நாடு தன்னுடையது என்று சொல்வது எங்ஙனம்? அண்டார்க்டிகாவில் எழுந்த சிக்கல்கள் பலவும் இக்கேள்வியிலிருந்தே பிறந்தவை. பிரிட்டன் 1908இல் முதன்முதலாக அங்கு நிலவுரிமை கோரிற்று. 1923இல் ஒரு பகுதி நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பிரான்ஸ் 1924இலும், ஆஸ்திரேலியா 1933இலும், நார்வே 1939இலும், சிலி 1940இலும், அர்ஜென்டினா அதே பத்தாண்டிலும் தத்தம் எல்லைகளை வகுத்துக்கொண்டன. ஆக, உரிமை கோரிய நாடுகள் ஏழு. அவற்றுள் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்றன் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. மேரி பேர்டு நிலம் என்னும் பெரும்பரப்பு ஒன்றை மட்டும் இதுவரை எந்நாடும் கோரவில்லை. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் தாமும் கோராமல், பிறர் கோரியதையும் ஏற்காமல், வேண்டும்போது கோரும் உரிமை தமக்குண்டு என்று சொல்லிவைத்தன.

கோரினால் மட்டும் போதுமா? ஆட்சி செலுத்துவதற்கு அடையாளம் காட்ட வேண்டும் என்பது நாடுகளுக்கிடையேயான சட்டத்தின் கொள்கை. ஆகவே கொடி நாட்டினர், குடில் கட்டினர், அஞ்சல் நிலையம் திறந்து தலைகளும் விற்றனர். இரண்டாம் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1943இல், பிரிட்டன் ‘தாபரின்’ என்னும் மறைபெயரில் ஒரு கடற்படைக் குழுவைத் தென்முனைப் பகுதிக்கு அனுப்பிற்று. 1946-47இல் அமெரிக்கக் கடற்படை 13 கப்பல்களையும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீரரையும் அங்கே கொண்டுசென்றது. 1948இல் சிலி நாட்டு அதிபரே நேரில் சென்று இறங்கினார். 1949இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் சிலியும் தென் 60 பாகைக்கு அப்பால், வழக்கமான போக்குவரத்து நீங்கலாக, போர்க்கப்பல்களை அனுப்புவதில்லை என்று அறிவித்துக்கொண்டன. மோதல் அஞ்சத்தக்க நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு இவ்வறிவிப்பே சான்று.

அறிவிப்பு அச்சத்தைப் போக்கிவிடவில்லை. 1952 பிப்ரவரி முதல் நாள், அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் வடமுனையிலுள்ள ஹோப் விரிகுடாவில் பிரிட்டிஷார் தங்கள் பொருள்களைக் கரையிறக்கிக்கொண்டிருந்தனர். முன்பே அங்கு வந்திருந்த அர்ஜென்டினக் கடற்படையினர், அவர்களுடைய தலைக்கு மேலே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு அவர்களைக் கப்பலுக்குத் திருப்பியனுப்பினர். செய்தி அறிந்த போக்லாந்துத் தீவுகளின் ஆளுநர் போர்க்கப்பலில் விரைந்து சென்று தம்மவரை மீண்டும் கரையேற்றினார். மறு ஆண்டு டிசெப்ஷன் தீவில் அர்ஜென்டினாவும் சிலியும் கட்டியிருந்த குடில்களைப் பிரிட்டிஷார் கலைத்து, அர்ஜென்டினர் இருவரைப் பிடித்து வெளியேற்றினர். 1955இல் பிரிட்டன் இவ்வழக்கை அனைத்துலக நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றது. எதிர்வாதிகள் இருவரும் அம்மன்றத்தின் அதிகாரத்தை ஏற்காமையால் 1956இல் வழக்கு பட்டியலினின்று நீக்கப்பட்டது. நீதிமன்றத்தால் தீர்க்க முடியாமற்போன வழக்கு இது என்பதை மனத்திற் கொண்டே உடன்படிக்கையைப் படித்தல் வேண்டும்.

முதல் உறுப்பு: தடுப்பது ஆளையா, செயலையா?

அண்டார்க்டிகா அமைதிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் என்று முதல் உறுப்பு தொடங்குகிறது. படைத்தளம், அரண், போர்ப்பயிற்சி, ஆயுதச் சோதனை ஆகியவற்றை வெளிப்படையாக விலக்குகிறது. இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவரே ‘அங்குப் படைவீரர் இல்லை’ என்று எழுதிவிடுகின்றனர். அவ்வுறுப்புக்கு இரண்டாம் பத்தி ஒன்று உண்டு. அறிவியல் ஆராய்ச்சிக்கோ பிற அமைதிப் பணிக்கோ படைவீரரையும் படைக் கருவிகளையும் பயன்படுத்தத் தடையில்லை என்று அது கூறுகிறது. வருபவர் யார் என்று உடன்படிக்கை கேட்கவில்லை. எதற்காக வருகிறார் என்றே கேட்கிறது.

இவ்விலக்கு ஏன் தேவைப்பட்டது? 1959இல் பனி உடைக்கும் கப்பலும், பனியில் இறங்கும் வானூர்தியும், மாதக்கணக்கில் உணவும் எரிபொருளும் சேர்க்கும் ஆற்றலும் பெரும்பாலும் படைகளிடமே இருந்தன. படைவீரர் வரக்கூடாது என்றால் அறிவியலாரும் போயிருக்க முடியாது. இன்றும் அமெரிக்க நிலையங்களுக்குச் சறுக்குக் கட்டை பூட்டிய பெரிய வானூர்திகளைச் செலுத்துவோர் நியூயார்க் மாநிலத்து வான்படைக் காவலரே. சிலியின் பிரே நிலையம் அந்நாட்டு வான்படையினுடையது. அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நிலையத்தை நடத்துவது தரைப்படை.

நோக்கம் என்பது கண்ணுக்குப் புலனாகாதது. அதனைக் காவல் செய்வது எப்படி? இதற்கு விடையாக அமைந்தது ஏழாம் உறுப்பு. முடிவெடுக்கும் உரிமை பெற்ற நாடுகளின் பார்வையாளர் எந்நேரமும் எந்நிலையத்திற்குள்ளும் சென்று பார்வையிடலாம். படைவீரரை அனுப்பும் நாடு அதனை முன்கூட்டியே பிறர்க்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஒருவரையொருவர் நம்பாதிருந்த காலத்தில், ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் திறந்து பார்க்கலாம் என்று இருவரும் ஒப்பினர் என்பது வியக்கத்தக்கது. முதல் உறுப்பின் உயிர் ஏழாம் உறுப்பிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

குறையும் இங்கேதான் உண்டு. செயற்கைக்கோளோடு தொடர்புகொள்ளும் தரைநிலையங்கள் இப்போது அங்கே அமைந்துள்ளன. நார்வேயின் துரோல் நிலையத்தில் அத்தகைய அமைப்பு உள்ளது. சீனா 2024 பிப்ரவரியில் திறந்த சின்லிங் நிலையத்தைப் பற்றியும் இவ்வகையான ஐயங்களைச் சிலர் எழுப்பியுள்ளனர். பனியின் நகர்வை அளக்க உதவும் கருவி, வேறெங்கோ கடலிற் செல்லும் போர்க்கப்பலுக்கும் வழிகாட்டக்கூடும். பார்வையாளர் உள்ளே சென்று கருவியைக் காணலாம். அதன் வழியே செல்லும் செய்தி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் காண முடியுமா? அரணும் பீரங்கியும் கண்ட தலைமுறை எழுதிய வாசகம், கம்பியில்லாச் செய்திக்கு முன் தடுமாறுவது இயல்பே. இதனைக் காலத்தால் வந்த குறை என்று கொள்ளலாமேயன்றி, எழுதினோர் குறை என்று கொள்ளுதல் பொருந்தாது.

நான்காம் உறுப்பு: சொல்லாமல் விட்டது

இனி, ‘யாருக்கும் சொந்தமில்லை’ என்னும் கூற்றுக்கு வருவோம். நான்காம் உறுப்பு மூன்று செய்திகளைக் கூறுகிறது. முதலாவது, இவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்டதனால் எந்நாடும் தான் முன்னர்க் கோரிய உரிமையைக் கைவிட்டதாகாது. பிறர் கோரியதை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ ஆகாது. இரண்டாவது, உடன்படிக்கை நடப்பிலுள்ள காலத்தில் செய்யப்படும் எச்செயலும் அவ்வுரிமைக்குச் சான்றாகவும் ஆகாது, எதிர்ச்சான்றாகவும் ஆகாது. மூன்றாவது, புதிய கோரிக்கை கூடாது. பழைய கோரிக்கையை விரித்தலும் கூடாது.

‘இந்நிலம் யாருடையது?’ என்னும் வினாவுக்கு இவ்வுறுப்பு ‘இன்னாருடையது’ என்றும் விடை கூறவில்லை. ‘யாருடையதும் அன்று’ என்றும் கூறவில்லை. வினாவை இருந்த இடத்திலேயே இருக்க விட்டிருக்கிறது. இதனைத் தமிழில் எழுதுவோர் சிலர் உரிமைகள் ‘கைவிடப்பட்டன’ என்கின்றனர். அது முற்றும் பிழை. சிலர் ‘முடக்கப்பட்டன’ என்கின்றனர். முடங்கியது செயலற்றுப்போனது என்று மாணவர் கொள்வர். ‘ஒத்திவைக்கப்பட்டன’ என்பதும் பொருந்தாது; ஒத்திவைத்தலுக்கு ஒரு நாள் குறிப்பது வழக்கம், இங்கோ நாள் குறிக்கப்படவில்லை. ‘உள்ளது உள்ளபடி நிறுத்திவைக்கப்பட்டன’ என்பது சற்று நீளமாயினும் பொருளுக்கு ஊறு செய்யாதது. மொழியாசிரியர் இதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடுதல் ஆகாது. ஒரு வினைச்சொல் மாறினால் ஏழு நாடுகளின் வழக்கு மாறிவிடுகிறது.

உரிமை கோரிய நாடுகள் தங்கள் கோரிக்கையை மறந்துவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் பல. 1952இல் துப்பாக்கி முழங்கிய அதே ஹோப் விரிகுடாவில்தான் எஸ்பெரான்சா நிலையம் அமைந்திருக்கிறது. எஸ்பெரான்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்கும் ஹோப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் நம்பிக்கை என்பதே பொருள். ஒரே விரிகுடாவுக்கு இருமொழியில் இரு பெயர். அந்நிலையத்திற்கு அர்ஜென்டினா படைவீரரின் குடும்பங்களையும் அனுப்பிற்று. 1978 ஜனவரியில் அங்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அண்டார்க்டிகக் கண்டத்திற் பிறந்த முதல் மனிதப் பிறவி அதுவே. அவ்வாண்டிலேயே பள்ளிக்கூடமும் தொடங்கப்பட்டது. தோட்டப் பள்ளிகளில், பிள்ளைகள் இருந்தும் பள்ளி நிலைக்குமோ என்று கவலைப்படும் நமக்கு, பள்ளி வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைக் கொண்டுசென்ற கதை புதுமையாகத் தோன்றலாம். குடும்பமும் தொட்டிலும் கரும்பலகையும் நாட்டுரிமையின் அடையாளங்களாக அங்கே நிறுத்தப்பட்டன. நான்காம் உறுப்பின்படி இவற்றுக்குச் சட்டவலிமை ஏதும் இல்லை. எனினும் அவை நடந்தன. 2012 டிசம்பரில் பிரிட்டன் தான் கோரும் பகுதியின் தென்பாகத்திற்குத் தன் அரசியாரின் பெயரைச் சூட்டியதும், அர்ஜென்டினா அதனைக் கண்டித்ததும் இவ்வகையினவே.

தெளிவான விடை நன்மை தந்திருக்குமா?

நான்காம் உறுப்பு மழுப்பலானது, சட்ட வாசகம் ஐயத்திற்கு இடம் வைக்கலாகாது என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் வடமுனைப் பக்கம் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும். 1920 பிப்ரவரி 9இல் பாரிஸ் நகரில் கையொப்பமான ஸ்பிட்ஸ்பெர்கன் உடன்படிக்கை, இன்று ஸ்வால்பார்ட் எனப்படும் தீவுக்கூட்டத்தின் முழு இறைமையையும் நார்வேக்கு அளித்தது. யாருடையது என்னும் வினாவுக்கு ஐயந்திரிபற விடை கூறிற்று. கூடவே, ஒன்பதாம் உறுப்பில், அங்குக் கடற்படைத் தளமோ அரணோ கூடாது, போர் நோக்கத்திற்கு அத்தீவுகளைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது.

விளைந்தது என்ன? இரண்டாம் உலகப் போரில் வானிலைச் செய்திக்காக இருதரப்பும் அத்தீவுகளில் இறங்கின. 1943 செப்டம்பரில் டிர்பிட்ஸ், ஷார்ன்ஹோர்ஸ்ட் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் லாங்கியர்பியன், பாரென்ட்ஸ்பர்க் ஆகிய ஊர்களைக் குண்டுவீசி அழித்தன. 1944இல் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொட்டோவ், அவ்வுடன்படிக்கையையே நீக்கிவிட்டுத் தீவுகளை இருநாடும் கூடி ஆள வேண்டும் என்று நார்வேயைக் கேட்டார். இன்றும் நார்வேயின் போர்க்கப்பல் அத்தீவுக் கடலுக்கு வந்தால் ரஷ்யா குறைகூறுகிறது. ஒன்பதாம் உறுப்பு படைநடமாட்டம் முழுவதையும் தடுக்கவில்லை என்று நார்வே விடையிறுக்கிறது. ஸ்பிட்ஸ்பெர்கன் உடன்படிக்கையில் சொந்தக்காரர் யார் என்பது உண்டு. ஒருவரையொருவர் பார்வையிடும் முறை இல்லை. அண்டார்க்டிகா உடன்படிக்கையில் சொந்தக்காரர் பெயர் இல்லை. பார்வையிடும் முறை உண்டு. இரண்டையும் ஒப்புநோக்கினால், அமைதியைக் காத்து நிற்பது எது என்பது விளங்கும்.

அண்டார்க்டிகா உடன்படிக்கைக்குக் கடுஞ்சோதனை வந்தது 1982இல். அவ்வாண்டு பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போக்லாந்துத் தீவுகளுக்காகப் போரிட்டன. போரின் கடைசி நிகழ்ச்சி ஜூன் மாதம் தெற்குத் தூலே தீவில் நிகழ்ந்தது. அத்தீவு உடன்படிக்கை எல்லையாகிய தென் 60 பாகைக்கு ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவில், வடபுறம் உள்ளது. போர் அவ்வளவு நெருங்கி வந்தும் எல்லையைத் தாண்டவில்லை. அதே ஜூனில் வெலிங்டன் நகரில் அண்டார்க்டிகக் கனிவளம் பற்றிக் கூடிய கூட்டத்தில் இருநாட்டுப் பேராளரும் அமர்ந்திருந்தனர். மழுப்பலான வாசகம் என்று குறைகூறப்பட்டது, குருதி சிந்தும் பகையையும் வெளியே நிறுத்திவிட்டது.

மலேசியா எழுப்பிய வினா

அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் நம் பிரதமர் மகாதீர் முகம்மது, அண்டார்க்டிகாவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைச் சில நாடுகளிடம் மட்டும் யார் கொடுத்தனர் என்னும் பொருள்படப் பேசினார். ஆழ்கடற்படுகையைப் போல அண்டார்க்டிகாவும் மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்பது மலேசியாவின் நிலை. 1956இலேயே இந்தியா இப்பொருளை ஐ.நா.வில் எழுப்ப முயன்று பின்வாங்கியதுண்டு. மலேசியா பின்வாங்கவில்லை. 1983 முதல் ‘அண்டார்க்டிகா வினா’ என்னும் தலைப்பு பொதுச்சபையில் இடம்பெறலாயிற்று. அதே 1983இல் இந்தியா முடிவெடுக்கும் நாடுகளின் வரிசையில் சேர்ந்துகொண்டது. மலேசியாவோ 2011 அக்டோபர் 31இல்தான் உடன்படிக்கையில் இணைந்தது.

இணைந்ததனால் வினா தோற்றது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் உள்ளன. முடிவெடுக்கும் உரிமையோ அவற்றுள் ஏறத்தாழப் பாதிக்கே உண்டு. மூலத்திற் கையொப்பமிட்ட 12 நாடுகளுக்கு அவ்வுரிமை இயல்பாகவே அமைந்தது. பின்னர் வந்த நாடு, நிலையம் அமைத்தல், ஆராய்ச்சிக் குழு அனுப்புதல் போன்ற பெரும்பணிகளால் தன் ஈடுபாட்டைக் காட்ட வேண்டும் என்பது விதி. நிலையம் கட்டப் பொருள் வேண்டும். கப்பலும் வானூர்தியும் வேண்டும். பல நாடுகளுக்குத் தம் படையின் துணையும் வேண்டும். 1908 முதல் 1959 வரை அங்கே காலூன்றியவரே உரிமை பேசினர். 1959க்குப் பின்னும் காலூன்றியவரே வாக்குப் பெறுகின்றனர். உடன்படிக்கை அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி வைத்தது. காலூன்றியவர்க்கு உள்ள முதன்மையை வாங்கி வைக்கவில்லை. இவ்வுடன்படிக்கையின் உண்மையான குறை இதுவே. மலேசியா சுட்டிய இடமும் இதுவே. இக்குறைக்கு இன்றளவும் நிறைவான விடை கிடைக்கவில்லை.

2048 பற்றிய ஒரு பிழை

முடிக்குமுன், பரவி வரும் பிழையொன்றையும் சுட்டுதல் கடன். ‘அண்டார்க்டிகா உடன்படிக்கை 2048இல் முடிந்துவிடும், அதன்பின் யாரும் கனிமம் தோண்டலாம்’ என்று பலர் எழுதுகின்றனர். அவ்வாறன்று. 1959 உடன்படிக்கைக்கு முடிவாண்டு இல்லை. 2048 என்பது வேறோர் ஆவணத்தைச் சார்ந்தது. 1991இல் மாட்ரிட் நகரில் கையொப்பமாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் காப்பு ஒப்பந்தம், ஆராய்ச்சி நீங்கலாகக் கனிமப் பணிகளை முற்றும் தடைசெய்தது. அது நடைமுறைக்கு வந்து 50 ஆண்டுகள் நிறைந்தபின், முடிவெடுக்கும் உரிமையுள்ள எந்நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம் என்பதே விதி. கேட்கலாம் என்பதற்கும் முடிந்துவிடும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் பயில்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மாநாடு கூடினாலும், மாற்று ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இல்லாமல் தடையை நீக்குதல் இயலாது. முடிந்துவிடும் என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கினால், அந்நம்பிக்கையே முடிவுக்கு வழிகோலிவிடும்.

ஆசிரியர் கடமை

அண்டார்க்டிகா உடன்படிக்கைக்குக் காவற்படை இல்லை. அதன் சொற்களை ஒப்பிய நாடுகள் அவற்றுக்கு ஒரே பொருள் கொண்டு நடக்கும் வரையிலேயே அது நிலைக்கும். அச்சொற்களின் பொருளைச் சரியாக அறிந்த மக்கள் எவ்வளவு பெருகுகின்றனரோ அவ்வளவுக்கு அதன் காவலும் பெருகும். ஆகவே ‘யாருக்கும் சொந்தமில்லை’ என்னும் இனிய பிழையை நாம் விட்டுவிட வேண்டும். அவ்வாறு கற்ற மாணவன், பிற்காலத்தில் ஏழு நாடுகளின் கோரிக்கைகளை வரைந்த படத்தைக் காணும்போது, தன் ஆசிரியர் அறியாது சொன்னார் என்றோ, உலகம் வாக்குத் தவறிவிட்டது என்றோ எண்ணுவான். இரண்டும் தீது.

அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இது: “அண்டார்க்டிகாவில் ஏழு நாடுகள் நிலவுரிமை கோருகின்றன. உலக நாடுகளுட் பெரும்பாலானவை அக்கோரிக்கைகளை ஏற்கவில்லை. அவ்வழக்கை உள்ளபடி நிறுத்திவைத்துவிட்டு, போர்ச்செயலை விலக்கி, ஒருவரையொருவர் பார்வையிட ஒப்பி, அறிவியற் பணி செய்து வருகின்றனர். படைவீரரும் அங்கு உண்டு. அவர்கள் செய்யத்தக்கது இன்னது, செய்யத்தகாதது இன்னது என்னும் வரம்பும் உண்டு. முடிவெடுக்கும் உரிமை எல்லா நாடுகளுக்கும் இன்னும் கிட்டவில்லை.” வாக்கியங்கள் சற்று மிகும், கரும்பலகையில் எழுதச் சிறிது நேரமும் கூடும். ஆயினும், தீர்க்க இயலாத வழக்கை வைத்துக்கொண்டே மனிதர் சண்டையின்றி வாழ முடியும் என்னும் பெரிய பாடம், பழைய வாக்கியத்தில் மறைந்து கிடந்தது. புதிய வாக்கியங்களில் அது மாணவர் கண்ணுக்குத் தெரியும்.